இன்ஜின் இறக்கத் தெரிந்த கைகள்

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால், குற்றாலத்துப் பக்கம் விவரம் தெரிந்த எந்த மெக்கானிக்கும் புதிதாகப் போரிங் போட்ட இன்ஜின் பிளாக்கை ராத்திரி முழுக்கத் திறந்து போட்டுவிட்டுப் போகமாட்டார். முந்தின நாள் சாயங்காலம் பளபளவென்று இருந்த சிலிண்டர் சுவரில், விடிந்து பார்த்தால் மஞ்சள் தேய்த்தது போலத் துரு ஏறியிருக்கும். ஊருக்கே குளுமை கொண்டுவரும் அந்தக் காற்று வார்ப்பிரும்புக்கு ஆகாது. அதனால் சிலிண்டருக்குள் தாராளமாக ஆயில் தடவி, எண்ணெய்த் துணியைத் திணித்து, சாக்குப் போட்டு மூடி வைப்பார்கள். கிணற்று ஆயில் இன்ஜின், டிராக்டர், செங்கோட்டை மர மில்லுக்குத் தடி ஏற்றி வரும் லாரி என்று பார்த்துப் பழகிய கைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தக் கம்பெனியின் கையேட்டிலும் குற்றாலச் சாரலைப் பற்றி எழுதியிருக்காது.

அந்தக் கைகளுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. இன்றைய வண்டிகளில் பெரிய பழுது என்றால் கணினியைச் செருகிப் பார்த்து, கெட்டுப்போன பாகத்தை அப்படியே கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக மாட்டுவதே வழக்கமாகிவிட்டது. கிராங்கை அளந்து பார்ப்பது, வால்வைத் தேய்த்து உட்கார வைப்பது போன்ற வேலைகள் லேத் பட்டறைக்காரரோடும் அவருடைய பழைய கூட்டாளிகளோடும் நின்றுவிடும் போலிருக்கிறது. அதைத் தடுக்க ஒரு வழி நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. பழைய கார் இன்ஜினை வீட்டில் இறக்கி, பிரித்து, திரும்பப் பூட்டி ஓட்டுவதுதான் அது. பணக்காரர் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கும் இந்தக் காரியத்தை அரசும் தொழிற்பயிற்சி நிலையங்களும் கைத்தொழிலாக மதிக்க வேண்டும்.

வண்டலூர் என்றால் இன்று எல்லோருக்கும் உயிரியல் பூங்கா ஞாபகம் வரும். ஒரு காலத்தில் அங்கே கார் செய்தார்கள். 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, இங்கிலாந்துக் கம்பெனியின் கூட்டோடு 1961-ல் ஸ்டாண்டர்டு ஹெரால்டைக் கொண்டுவந்தது. நான்கு சிலிண்டர், 948 சிசி. அடுத்த ஆண்டு அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அதே இங்கிலாந்துக் கம்பெனியின் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் அறிமுகமானது. இரண்டு காரின் உருவத்தையும் வரைந்தவர் ஒருவரே, இத்தாலிக்காரரான ஜியோவானி மிச்செலோட்டி. ஸ்பிட்ஃபயரின் சேசிஸ் ஹெரால்டு சேசிஸிலிருந்து பிறந்தது. இன்ஜினும் அதே குடும்பம்தான். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் இரண்டிலும் 76 மில்லிமீட்டர். ஹெரால்டில் 63 மில்லிமீட்டராக இருந்த சிலிண்டர் விட்டத்தை ஸ்பிட்ஃபயரில் 69.3 ஆக்கி 1,147 சிசி எடுத்தார்கள், இரட்டைக் கார்புரேட்டர் வைத்தார்கள், 63 குதிரைத்திறன் கிடைத்தது. 1965-ல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அந்தக் கார் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது.

1953-ல் 803 சிசியில் தொடங்கிய அந்த இன்ஜின் குடும்பம் 1,493 சிசி வரை வளர்ந்து, 1980 வரை ஸ்பிட்ஃபயருக்குள் ஓடியது. அதன் உடன்பிறப்பு வண்டலூரிலிருந்து புறப்பட்டுத் தமிழ்நாட்டு டாக்டர்களையும் வக்கீல்களையும் சுமந்தது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களிலும் ஹெரால்டுகள் சீறின. கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜினைக் கற்க ஆசைப்படும் தென்காசிப் பையன் கடல் தாண்ட வேண்டியதில்லை. யார் வீட்டுக் கார் ஷெட்டிலாவது தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் ஒரு ஹெரால்டு போதும்.

அந்தக் கார் வீட்டில் வேலை செய்யவென்றே செய்தது போல இருக்கும். பானெட் முன்பக்கமாகச் சாயும், முன் மட்கார்டுகளும் அதோடு சேர்ந்தே எழும்பிவிடும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து ஸ்பேனர் பிடிக்கலாம். செயின் பிளாக்கும், பாரம் தாங்கும் ஒரு உத்தரமும், உடன் இரண்டு பேரும் இருந்தால் இன்ஜின் கீழே வந்துவிடும்.

பிரிப்பது ஒரு மத்தியான வேலை. பிரித்ததை வரிசை மாறாமல் வைப்பதில்தான் வித்தை இருக்கிறது. அட்டைப்பெட்டி மூடியில் எட்டு ஓட்டை போட்டு, எண் எழுதி, புஷ் ராடுகளை வந்த வரிசையிலேயே குத்தி வைப்பார்கள். பேரிங் மூடிகளில் எண் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பஞ்ச் வைத்துத் தட்டிக்கொள்வார்கள். ஒன்றின் மூடியை மற்றொன்றுக்குப் போட்டால் கிராங்க் சுற்றாது. சுற்றினாலும் நெடுநாள் நிற்காது.

பிறகு அளவு. லேத் பட்டறையில் மில்லிமீட்டர் பேச மாட்டார்கள். அங்கே எல்லாம் 'தவ்' கணக்கு, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 20 தவ் ஓவர்சைஸ் என்றால் அரை மில்லிமீட்டர். மனிதத் தலைமுடி சுமார் 3 தவ் இருக்கும். சிலிண்டரின் மேல்பகுதியில் ரிங் உரசித் தேய்ந்த இடத்தில் விரலை வைத்தால் நகம் தட்டும் ஒரு வரம்பு தெரியும். அந்த வரம்பைத் தடவியே "இது இருபதுல நிக்காது தம்பி, முப்பது போகணும்" என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. சொல்லிவிட்டு மைக்ரோமீட்டரை எடுத்து அளந்து உறுதி செய்வார்கள். கை சொன்னதைக் கருவியிடம் கேட்டுக்கொள்ளும் அந்தப் பழக்கத்தை எந்த வகுப்பறையும் இவ்வளவு சுருக்கமாகக் கற்பிப்பதில்லை.

இந்த இன்ஜினுக்கென்று ஒரு பலவீனமும் உண்டு. கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தாங்க, பின்பக்க மெயின் பேரிங் அருகே பிறை வடிவில் இரண்டு த்ரஸ்ட் வாஷர்கள் இருக்கும். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னால் தள்ளப்பட, அந்தச் சுமையை அவையே தாங்குகின்றன. ஒரு அளவுக்கு மேல் தேய்ந்தால் நழுவி ஆயில் சம்ப்புக்குள் விழுந்துவிடும். அப்புறம் கிராங்க் பிளாக்கையே அறுக்க ஆரம்பிக்கும். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கணினியும் வேண்டாம். ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் குனிந்து கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி புல்லி முன்னே வந்து போனால் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிட வேண்டியதுதான். புது வாஷர் போடும்போதும் கவனம் தேவை. ஆயில் வரி ஓடும் பக்கம் கிராங்கைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் மொத்தச் செலவும் வீண். எது எதைத் தாங்குகிறது, எது தேய்ந்தால் எது சாகும் என்ற புரிதல் இப்படி ஒன்றைத் தொட்டுத்தான் மனதில் பதியும்.

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு தொடங்கியதும் இங்கேதான். ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துத் திரும்பப் பூட்டினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டியவர், 1937-ல் மின் மோட்டார் செய்தவர், 1945-ல் கோவையில் பொறியியல் கல்வி நிலையம் உருவாகக் காரணமாக இருந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்காத ஒருவரால் அது எப்படி முடிந்தது என்று ஆச்சரியப்படுகிறோம். அவர் கற்ற முறைக்கு நம் பாடத்திட்டத்தில் எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறோம் என்று மட்டும் கேட்டுக்கொள்வதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2021 ஜூலையில் மத்திய அரசு முதன்முறையாகப் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 ஆண்டு கடந்த இரு சக்கர வாகனங்களுக்கும் கார்களுக்கும் 'விஏ' என்ற எழுத்தோடு தனி எண் தரப்படும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பராமரிப்பு போன்றவற்றுக்குச் சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. நல்ல விதி, வரவேற்க வேண்டியது.

ஆனால் அதற்குள் ஒரு முள் இருக்கிறது. வண்டி அசல் வடிவிலேயே இருக்க வேண்டும், சேசிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ மாற்றம் செய்யும் அளவுக்குப் பெரிய பழுதுபார்ப்பு நடந்திருக்கக் கூடாது என்கிறது விதி. அறுபது வயது இன்ஜின் ஒன்று போரிங் போடாமல், ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டாமல் எப்படி ஓடும்? வேறு வண்டியின் டீசல் இன்ஜினைத் தூக்கி வைப்பது மாற்றம். தேய்ந்ததை அளவெடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது மீட்பு. கோயில் திருப்பணியில் கூட இந்த வேறுபாடு நமக்குத் தெரியும். தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுரம் சிதைந்து பல காலம் நின்று, மறுபடி எழுப்பப்பட்டதுதான். அதை யாரும் வேறு கோயில் என்று சொல்வதில்லை. அசல் பிளாக்கும் இன்ஜின் எண்ணும் அப்படியே இருக்க, உள்ளே செய்யும் ரீபோரும் பேரிங் வேலையும் 'மாற்றம்' ஆகாது என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், ஆய்வாளருக்கும் குழப்பம் இருக்காது, வண்டிக்காரருக்கும் பயம் இருக்காது.

ஐம்பது என்ற எல்லையும் அதிகம். பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த கார்களுக்குச் சாலை வரி இல்லை. 2018 முதல் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. அதனால் அங்கே ஸ்பிட்ஃபயருக்கு இன்றும் புதிதாக உதிரி பாகம் செய்து விற்கிறார்கள். இங்கே 15 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில் நிற்கும் கார் இரண்டுங்கெட்டான். பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 20 வயது தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. அந்த முப்பத்தைந்து வருட இடைவெளியில்தான் பெரும்பாலான வண்டிகள் சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ இரும்பு விலைக்குப் போய்ச் சேர்கின்றன.

புகை என்ற எதிர்வாதம் நியாயமானது. கார்புரேட்டர் இன்ஜின் இன்றைய இன்ஜினைவிட அதிகம் புகைக்கும், மறுக்க முடியாது. ஆனால் தேய்ந்த ரிங்கோடு ஆயிலைக் குடித்து நீலப்புகை விடுவது கைவைக்காத இன்ஜின்தான். ஒழுங்காகக் கட்டிய இன்ஜின் அவ்வளவு விடாது, வருடத்தில் ஓடுவதும் சில நூறு கிலோமீட்டர்தான். பெட்ரோலே மாறிவிட்டதால் வேலையும் கூடியிருக்கிறது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றுபோனது. அந்த ஈயத்தை நம்பிச் செய்த பழைய வால்வு சீட்டுகள் இப்போது சீக்கிரம் குழிந்துவிடும், எக்ஸாஸ்ட் பக்கத்துக்குக் கெட்டி இரும்பு சீட் இறக்க வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் குழாய்கள் ஊறி உப்பும், அவற்றையும் மாற்ற வேண்டும். இரண்டும் லேத் பட்டறையும் உதிரி பாகக் கடையும் சேர்ந்து செய்யக்கூடியவை.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.-க்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாய் செலவில் நவீனமாக்கியிருக்கிறார்கள். ரோபோவும் கணினி எந்திரமும் வந்திருக்கின்றன. மிக நல்ல காரியம். தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலை திறந்தாயிற்று, தென்மாவட்டப் பிள்ளைகளுக்கு அங்கே வேலை இருக்கிறது. அந்த வேலைக்கும் தவ் கணக்கு வேண்டும், பேரிங் ஏன் சூடேறுகிறது என்று காதால் பிடிக்கத் தெரிய வேண்டும். திருநெல்வேலி பேட்டை ஐ.டி.ஐ.யில் ஒரு ஹெரால்டு இன்ஜினும், வாரம் இரண்டு நாள் வந்து சொல்லித்தர ஓய்வுபெற்ற போரிங்காரர் ஒருவரும் இருந்தால் ஆகும் செலவு, அந்த 2,877 கோடியில் கண்ணுக்கே தெரியாது. சான்றிதழ் இல்லை என்பதற்காக அவரை வாசலில் நிறுத்தக் கூடாது. கௌரவ ஆசிரியர் என்று பெயர் கொடுத்து, உரிய சம்பளமும் கொடுக்கட்டும். ஏலத்துக்குப் போகும் பழைய அரசு வாகனங்களிலிருந்து ஓரிரண்டு இன்ஜினைக் கழற்றி இப்படிப் பயிற்சிக்குக் கொடுப்பதும் மாவட்ட அளவிலேயே முடிவு செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்.

சாரல் ஓய்ந்து, வடகிழக்கும் கழிந்து, தை வெயில் காயும் நாட்களே தென்காசியில் இன்ஜின் பூட்டத் தோதானவை. ஒன்று-மூன்று-நான்கு-இரண்டு என்று பிளக் வயர் வரிசையைச் சரிபார்த்து, முதலில் பிளக் இல்லாமலே சுற்ற விட்டு, ஆயில் பிரஷர் ஏறிய பிறகுதான் ஸ்டார்ட் செய்வார்கள். முதல் 800 கிலோமீட்டர் விரட்டக் கூடாது. இலஞ்சி வழியாகச் செங்கோட்டை வரை போய், புளியரை ஏற்றத்துக்கு முன்னாலேயே வண்டியைத் திருப்பிவிடுவது நல்லது. கோட்டைவாசல் எஸ் வளைவை இன்னொரு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். வந்ததும் பானெட்டைச் சாய்த்து, இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, ஹெட் நட்டுகளை டார்க் ஸ்பேனரால் வரிசைப்படி மறுபடி இறுக்க வேண்டும். அப்புறம் டாப்பெட், பத்து தவ். ஃபீலர் கேஜைப் பெரியவர் பக்கத்தில் நிற்கும் பையனிடம் நீட்டுவார். தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு வழுக்க வேண்டும், இறுகவும் கூடாது, ஆடவும் கூடாது. எட்டு வால்வையும் அவனே பார்த்து முடிக்கும்வரை அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.