நோயுற்ற குழந்தையின் குரல் யார் பொறுப்பு?

ஜெர்மனியின் சிவில் சட்டத்தில் 2013-இல் நோயாளர் உரிமைகள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் அதிகம் பேசப்படாத ஓர் உட்பிரிவு உண்டு. சிகிச்சைக்குச் சம்மதம் தெரிவிக்கும் பக்குவம் இல்லாத நோயாளிக்கும், அவரது நலனுக்குக் கேடு வராத வரையில், அவருக்குப் புரிகிற விதத்தில் முக்கிய விவரங்களை விளக்க வேண்டும் என்கிறது அது. பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்பதற்காக, கட்டிலில் கிடக்கும் பிள்ளையை மருத்துவர் தாண்டிப் போய்விட முடியாது. நல்ல சட்டம். ஆனால் மருத்துவர் பேச வேண்டும் என்று சொல்ல முடிந்த சட்டத்தால், பிள்ளை பேசி முடிக்கும் வரை அங்கே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்ல முடியவில்லை. அந்த நேரம் யாருடைய பணிப்பட்டியலில் ஏறுகிறது என்பதைத் தீர்மானிப்பவர் துறைத் தலைவர். கடும் நோயுற்ற குழந்தைக்குக் காது கொடுப்பதை இரவுப் பணியில் இருக்கும் செவிலியரின் நல்ல மனதிடம் விட்டுவிடக் கூடாது. அதைத் தலைமையின் பொறுப்பாக எழுதி வைக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் ஜெர்மனியில் முதலில் அசைந்தவர்கள் பெற்றோர்கள். உயிரைக் குடிக்கும் நோய் கொண்ட பிள்ளைகளின் குடும்பங்கள் 1990-இல் குழந்தைகள் ஹாஸ்பிஸ் (தீராத நோயாளர் பராமரிப்பு இல்லம்) சங்கத்தைத் தொடங்கின. 1998-இல் ஓல்பே நகரில் நாட்டின் முதல் குழந்தைகள் ஹாஸ்பிஸ் திறந்தது. வீட்டிலேயே சிறப்பு நோய்த்தணிப்புச் சிகிச்சை பெறும் உரிமை 2007-இல் சட்டமானபோது, குழந்தைகளின் தேவைகளைத் தனியே கருத வேண்டும் என்ற வாசகமும் அதில் இடம்பிடித்தது. பிறகுதான் மருத்துவமனைகள் அந்த வழிக்கு வந்தன. டாட்டெல்ன் என்ற சிறு நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் பேராசிரியர் போரிஸ் செர்னிகோவ் தலைமையில் 2010-இல் குழந்தைகளுக்கென்றே நோய்த்தணிப்பு உள்நோயாளர் பிரிவு திறக்கப்பட்டது. மியூனிக்கில் பேராசிரியர் மோனிகா ஃபியூரர் அப்படியொரு மையத்தை உருவாக்கினார். கனிவான மருத்துவர்கள் அதற்கு முன்னும் இருந்தார்கள். அந்தக் கனிவுக்குப் படுக்கையும் பணியிடமும் பேராசிரியர் பதவியும் கிடைத்தது, மேலே இருந்தவர்கள் அதற்காக வாதாடியதால்தான்.

கேட்பது என்றால் தலையைத் தடவி நாலு வார்த்தை பேசுவது என்று எண்ணுவோர் வலி அளவுகோல் ஒன்றை உற்றுப் பார்க்கலாம். நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் ஆறு முகங்கள் வரைந்த அட்டையைக் காட்டி, உன் வலி எதுபோல என்று கேட்பார்கள். வேறு சில அட்டைகளில் முதல் முகம் சிரிக்கும், கடைசி முகம் அழும். அவற்றில் சிக்கல் இருக்கிறது. வலி இல்லாமலே சோகமாக இருக்கும் பிள்ளை சிரிக்கும் முகத்தைத் தொடாது. பொறுக்க முடியாத வலியிலும் அழாத பிள்ளை கண்ணீர் முகத்தைத் தொடாது. 2001-இல் திருத்தி வெளியிடப்பட்ட அந்த ஆறு முக அட்டையில் சிரிப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை. இந்த நுணுக்கத்தைப் பணியாளருக்குக் கற்பித்து, பிள்ளை தொட்ட முகத்தைக் குறிப்பேட்டில் ஏற்றி, மருந்தின் அளவை அதற்கேற்ப மாற்றினால்தான் கேட்டதாக அர்த்தம்.

உண்மை தெரிந்தால் பிள்ளை உடைந்துபோகும் என்ற அச்சம் நம் வீடுகளிலும் உண்டு. சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்போம். அமெரிக்க மானிடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர் 1978-இல் வெளியிட்ட நூலில், ரத்தப் புற்றுநோய் கண்ட சிறு பிள்ளைகள் யாரும் சொல்லாமலே தாம் சாகப்போவதை அறிந்திருந்ததையும், பெற்றோர் மனம் நோகாதிருக்க அதை மறைத்ததையும் பதிவு செய்தார். 2004-இல் வெளியான சுவீடன் ஆய்வு, புற்றுநோயில் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் கேட்டது. சாவைப் பற்றிப் பிள்ளையுடன் பேசிய 147 பேரில் ஒருவர்கூட அதற்காக வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர் வருந்தினார்கள். பேசாதவர்களிலும் பெரும்பாலோர் வருந்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே எல்லாப் பிள்ளையிடமும் எல்லாவற்றையும் போட்டு உடைப்பது தீர்வாகாது. எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை அந்தப் பிள்ளையிடமிருந்தே அறிய வேண்டியிருக்கிறது.

பெற்றோரின் உரிமை என்னாவது என்ற கேள்வி நியாயமானது. கேட்பதால் முடிவெடுக்கும் பாரம் பிள்ளையின் தலையில் ஏறிவிடாது; ஐந்து வயதுப் பிள்ளையின் விருப்பம் அறியப்படும், பொறுப்பு பெரியவர்களிடமே இருக்கும். வளர்ந்த பிள்ளைகளுக்கு ஜெர்மன் நீதி சற்று மேலே போகிறது. கட்டாயமற்ற, ஆனால் பின்விளைவு பெரிதாகக்கூடிய சிகிச்சையை, போதிய முதிர்ச்சியுள்ள சிறார் மறுக்கலாம் என்று உச்ச சிவில் நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது.

வலுவான ஆட்சேபம் பணமும் ஆளும்தான். நோய்வகைக்கு இவ்வளவு என்று மருத்துவமனைக்குத் தொகை தரும் முறையில் அரைமணி நேரப் பேச்சுக்கு மதிப்பில்லை. 2022 குளிர்காலத்தில் சுவாசத் தொற்றால் குழந்தைகள் பிரிவுகள் நிரம்பி வழிந்தபோதுதான் அரசு விழித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 30 கோடி யூரோ கூடுதலாக ஒதுக்கியது. ஆனால் பணம் வந்தால் கேட்பதும் தானாக வந்துவிடாது. குழந்தைப் புற்றுநோய் மையங்களில் உளவியல், சமூகப் பணியாளர்கள் இருந்தாக வேண்டும் என்று 2007 முதல் நடைமுறையில் உள்ள விதி சொல்கிறது. மற்ற கடும் நோய்களுக்கும் இப்படியொரு கட்டாயம் வேண்டும்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனிக் கவலை இருக்கிறது. புலம்பெயர்ந்த வீடுகளில் பெற்றோரைவிடப் பிள்ளைக்கு ஜெர்மன் நன்றாக வரும். மருத்துவர் சொல்வதை நோயாளிப் பிள்ளையே அம்மாவுக்குத் தமிழில் சொல்ல நேர்ந்தால், தன் பயத்தைச் சொல்ல அதற்கு எங்கே இடம்? மருத்துவ மொழிபெயர்ப்பைக் காப்பீட்டில் சேர்ப்பதாக ஜெர்மன் ஆட்சிக் கூட்டணியின் 2021 ஒப்பந்தம் வாக்களித்தது. 2024 நவம்பரில் கூட்டணி முறிந்தபோதும் அது சட்டமாகியிருக்கவில்லை. துறைத் தலைவர்கள் பெர்லினைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. தொலைபேசி மொழிபெயர்ப்பாளருக்கு மருத்துவமனை நிதியிலிருந்தே பணம் ஒதுக்கலாம். நோயுற்ற பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று தம் பிரிவுக்கு இன்றே எழுத்தில் உத்தரவிடலாம்.