விஷத்தை இழுத்த காந்தம்!

தண்ணீர் தெளிவாக இருக்கிறது. நாற்றம் இல்லை. கசப்பும் இல்லை. ஆனால் அதில் விஷம் இருக்கிறது!

வங்காளதேசத்துக் குழாய்க் கிணறுகளின் கதை இது.

அங்கே குளத்துத் தண்ணீரைக் குடித்த குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மாண்டார்கள். அதைத் தடுக்க, 1970-ஐ அடுத்த ஆண்டுகளில் ஊர் ஊராக அடிகுழாய்கள் போடப்பட்டன. நல்ல எண்ணந்தான். ஆனால் பூமிக்கு அடியில் "ஆர்சனிக்" இருந்தது. வெள்ளைப் பாஷாணம் இதிலிருந்து உண்டாவதுதான்.

கிணற்று நீரில் அது இருப்பது 1993-ம் ஆண்டில் தெரியவந்தது. காய்ச்சினாலும் அது போகாது. பல ஆண்டுகள் குடித்தவர்களுக்குத் தோலில் புள்ளிகள் விழுந்தன. புற்றுநோயும் வந்தது.

இதற்கு வழி தேடியவர்களில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தாரும் உண்டு. நுண்ணிய "நானோ" பொருள்களை ஆராய அங்கு 2001-ம் ஆண்டில் ஒரு மையம் தொடங்கப்பட்டது.

நானோ என்றால்?

ஒரு மீட்டரை 100 கோடி பங்கு போட்டால், அதில் ஒரு பங்குதான் நானோ மீட்டர். நமது தலைமுடியின் பருமனே ஏறத்தாழ 80 ஆயிரம் நானோ மீட்டர்!

இரும்புத் துருவில் ஆர்சனிக் ஒட்டிக்கொள்ளும். இது முன்பே தெரிந்ததுதான். பொடி நுண்ணியதாக ஆக ஆக, அதிக விஷம் ஒட்டும். ஆனால் தண்ணீரில் கலந்த பொடியைத் திரும்ப எடுப்பது எப்படி?

அதற்கு மிகவும் சக்தி வாய்ந்த காந்தம் வேண்டும் என்று எண்ணினார்கள். ஆனால், கையில் பிடிக்கும் காந்தமே 12 நானோ மீட்டர் அளவுள்ள பொடியை இழுத்துவிட்டது! இதை 2006-ம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டார்கள். துரு, சமையல் எண்ணெய், வினிகர் போன்ற வீட்டுச் சாமான்களைக் கொண்டே அந்தப் பொடியைச் செய்யும் முறையை 2010-ல் வெளியிட்டார்கள்.

சுவர் வேண்டாம்

இது யாருடைய வெற்றி? ரசாயன அறிஞரும், தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்ஜினீயரும் ஒன்றாக உட்கார்ந்ததால் கிடைத்த வெற்றி. "இது என் பாடம், அது உன் பாடம்" என்று சுவர் எழுப்பியிருந்தால் இது கைகூடியிராது. நோய், பாடம் பார்த்து வருவதில்லையே!

ஆனால் வேலை அதோடு முடிந்துவிடவில்லை. விஷம் ஒட்டிய பொடியை எங்கே கொட்டுவது? குளத்தில் போட்டால் விஷம் மறுபடியும் வீட்டுக்கு வரும். மாதந்தோறும் தண்ணீரைச் சோதிப்பது யார்? செலவு யாருடையது? இவற்றுக்கு விடை சொல்ல, டாக்டரும் வேண்டும்; ஊர்ப் பெரியவரும் வேண்டும்; தண்ணீர் சுமக்கும் தாயும் வேண்டும்.

வங்காளதேசத்தில் லட்சக்கணக்கானோர் இன்றும் ஆர்சனிக் கலந்த நீரைத்தான் குடிக்கிறார்கள்.

இத்தகைய ஆராய்ச்சி மையங்களுக்குப் பணம் கொடுப்பது வீண் செலவு அல்ல. தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால், "எத்தனை கட்டுரை வெளியிட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டால் போதாது. "எத்தனை வீட்டுப் பானையில் நல்ல தண்ணீர் இருக்கிறது?" என்றும் கேட்க வேண்டும்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். தேர் நிலைக்கு வந்து சேரும்வரை வடத்தை விடவும் கூடாது!