பேனுக்கு மருந்து பழகிவிட்டது

பேனைப் பெருமாளாக்காதே என்பார்கள். ஆனால் இப்போது பேன் கொஞ்சம் பெரிய விஷயமாகத்தான் ஆகிவிட்டது.

கண்டாச்சிபுரம் மாதிரி ஊர்களில் பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளைகளில் பேன் தொல்லை தெரியாதவர் யார்? கடையில் பேன் மருந்து வாங்குகிறார்கள். போகவில்லை என்றால் இன்னொரு பாட்டில். அதற்கும் போகவில்லை என்றால் பிள்ளைக்குத் திட்டு விழுகிறது, சுத்தமாக இல்லை என்று!

தப்பு பிள்ளை மேல் இல்லை. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் டிடிடி பவுடர் தூவினால் பேன் செத்தது. 1951 வாக்கில், கொரியப் போரில், வீரர்களின் உடம்புப் பேன்கள் அதே பவுடருக்குச் சாகவில்லை. பின்னால் வந்த பெர்மெத்ரினும் பேனின் நரம்பில் டிடிடி தாக்கிய அதே இடத்தைத்தான் தாக்குகிறது. அந்த இடம் பிறவியிலேயே சற்று மாறியிருக்கும் பேன் பிழைக்கிறது, முட்டையிடுகிறது. மருந்து போடப் போட அதன் வம்சம்தான் மிஞ்சும். அமெரிக்காவில் 48 மாநிலங்களில் பேன்களைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். 2016-ல் வந்த முடிவில் கிட்டத்தட்ட எல்லாப் பேன்களிலும் இந்த மாற்றம் இருந்தது.

வியாபாரத்தில் சரக்கு சரியில்லை என்றால் அடுத்த முறை வாங்க மாட்டார்கள். பேன் மருந்தில் மட்டும் கணக்கு தலைகீழ். கேட்காத மருந்தைத்தான் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள். வெறுத்துப்போய் மண்ணெண்ணெய், வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து என்று தலையில் தடவுகிறவர்களும் உண்டு. பூச்சிமருந்து தோல் வழியாகவே உடம்பில் ஏறி உயிரையே எடுத்துவிடும்.

பேனால் பழகிக்கொள்ள முடியாத ஒன்று இருக்கிறது. அது பேன்சீப்பு. ஈர் பொரிய 7 முதல் 10 நாள் ஆகும். பொரிந்தது முட்டையிடும் வயதுக்கு வர இன்னும் 10 நாள் போல ஆகும். அதற்குள் தலையை நனைத்து, 4 நாளைக்கு ஒருமுறை, 2 வாரம் அடிமுதல் நுனிவரை வாரினால் வம்சம் அறுந்துவிடும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் பார்க்க வேண்டும்.

இதற்குப் பணம் குறைவு, நேரம்தான் அதிகம். கூலி வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்பும் அம்மாவுக்கு அந்த நேரம் எங்கே இருக்கிறது? பாட்டில் விற்பதும் அதனால்தான். அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பையும் செருப்பும் கொடுக்கிறது. கூடவே ஒரு பேன்சீப்பும் கொடுக்கலாமே! விடுதிகளில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பேன் உள்ள பிள்ளையைத் தனியாக உட்கார வைப்பதைவிட அது மேல்.