யாருக்கு வேண்டாதது?

இந்தியப் பல்கலைக்கழக விடுதிகளில் ஆய்வேடு சமர்ப்பிக்கும் பருவத்தில் தவறாமல் காணக்கிடைக்கும் காட்சி ஒன்று உண்டு. மடிக்கணினித் திரையின் வலப்பக்கக் கீழ்மூலையில் ஒரு சிறு பெட்டி எழும். 'வேண்டாததாக இருக்கக்கூடிய நிரல் கண்டறியப்பட்டது' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி. ஆய்வாளர் 'நீக்கு' என்பதை அழுத்துவார். நீக்கப்பட்டதாக விடை வரும். மறுநாள் உலாவியைத் திறந்தால் அதே பெட்டி, அதே நிரல். நான்காம் நாள் அவர் 'புறக்கணி' என்பதை அழுத்தக் கற்றுக்கொண்டிருப்பார். பிறகு ஒருநாள், ஐந்தாண்டுக் களப்பணிப் பதிவுகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நச்சுநிரலைப் பற்றிய எச்சரிக்கை வந்தாலும், விரல் பழகிய இடத்துக்கே போகும்.

இதற்கு யார் பொறுப்பு என்று துறை அலுவலகத்தைக் கேட்டாலும் கணினி மையத்தைக் கேட்டாலும் ஒரே விடைதான்: மாணவர். கண்ட கண்ட தளங்களிலிருந்து கண்டதையும் இறக்கினால் இப்படித்தான் ஆகும் என்பார்கள். இது பாதி உண்மை. பாதி உண்மையாக இருப்பதால்தான் எவரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

அந்த எச்சரிக்கை வரியை மொழியியல் வகுப்பில் பகுத்துப் பார்த்தால் மீதிப் பாதி வெளிவரும். தமிழில் 'வேண்டும்', 'வேண்டாம்' ஆகியவை நான்காம் வேற்றுமைப் பெயரை அவாவி நிற்பவை: எனக்கு வேண்டும், அவளுக்கு வேண்டாம். 'வேண்டாத' என்று எதிர்மறைப் பெயரெச்சமாக்கியவுடன் அந்த 'யாருக்கு' உதிர்ந்துபோக இலக்கணம் இடம் கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தின் 'அன்வான்டட்' இன்னும் வசதியானது. அதில் யாருடைய விருப்பமின்மை என்ற கேள்வியே எழுவதில்லை. 'கண்டறியப்பட்டது' என்ற செயப்பாட்டு வினையோ கண்டறிந்தவரைப் பற்றியது. கொண்டுவந்து வைத்தவரைப் பற்றி அந்த வரியில் ஓரெழுத்தும் இல்லை. வீட்டுக்குள் அழையா விருந்தாளி ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்று தினமும் அறிவிக்கும் காவலாளி, எந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்தார் என்று மட்டும் ஒருநாளும் சொல்வதில்லை.

'இருக்கக்கூடிய' என்ற ஐயச்சொல்லை அறிவுப் பணிவு என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கொரு வழக்கு வரலாறு உண்டு. ஸாங்கோ என்ற விளம்பர நிரல் நிறுவனம், தன் நிரலைத் தடுத்ததற்காகக் காஸ்பர்ஸ்கை நிறுவனத்தின்மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. 2009இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் காஸ்பர்ஸ்கைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. எனிக்மா என்ற நிறுவனம் மால்வேர்பைட்ஸ்மீது தொடுத்த வழக்கிலோ, போட்டி நிறுவனத்தை ஒடுக்கும் நோக்கம் இருந்தால் அந்தப் பாதுகாப்பு செல்லாது என்று அதே நீதிமன்றம் 2019இல் கூறியது. பாதுகாப்புத் தொழிலில் உள்ள நிறுவனம் இன்னொன்றின் நிரலைத் 'தீங்கானது', 'அச்சுறுத்தல்' என்று சொன்னால் அது வெறும் கருத்தாகாது, சரிபார்க்கத்தக்க கூற்று என்றும் 2023இல் சொன்னது. இந்தச் சூழலில் எந்தச் சொல் வழக்கறிஞர்களுக்கு நிம்மதி தரும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அச்சொல்லின் முதல் கடமை விற்பவரைக் காப்பது. கணினி வைத்திருப்பவரைக் காப்பது அதற்குப் பிந்தியது.

இதற்கு ஒரு நேர்மையான மறுப்பும் உண்டு. தொலைவிலிருந்து கணினியை இயக்கும் கருவி வலையமைப்பு நிர்வாகிக்கு அன்றாடத் தேவை. அதே கருவியால் வேவு பார்க்கப்படுபவருக்கு அது வேண்டாதது. ஆகவே உறுதியாகச் சொல்ல இயலாது என்பார்கள். சரிதான். ஆனால் இது அந்த நான்காம் வேற்றுமையை மீட்டுத் தரவேண்டும் என்பதற்கான வாதமே அன்றி, மறைப்பதற்கான வாதம் ஆகாது. எந்த நிறுவியோடு வந்தது, எந்த நாளில் வந்தது, உலாவியில் எதை மாற்றியது என்ற மூன்று செய்திகளைத் தந்தால் யாருக்கு வேண்டும், வேண்டாம் என்பதைப் பயனரே முடிவு செய்துகொள்வார்.

கொண்டுவந்தவர்கள் யாரெனத் தெரியாததும் இல்லை. ஒரு நிறுவலுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு, ஒரு பயனுள்ள நிரலோடு இன்னொன்றைக் கட்டி அனுப்புவது நெடுங்காலத் தொழில். ஜாவா நிறுவியோடு ஆஸ்க் கருவிப்பட்டை பல ஆண்டுகள் வந்தது, தேர்வுப்பெட்டியில் முன்கூட்டியே குறியிடப்பட்டு. அடோபி ஃப்ளாஷ் நிறுவியோடு அதே முறையில் வந்தது எது தெரியுமா? மெக்காஃபியின் பாதுகாப்புச் சோதனை நிரல். வேண்டாதவற்றைப் பிடிப்பவரே வேண்டாமலும் வந்தார்! லெனோவோ 2014இல் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர நிரலைச் சில மடிக்கணினிகளில் தானே ஏற்றி விற்றது. பாதுகாப்பான இணைப்புகளுக்குள்ளும் அது நுழைந்து பார்த்தது. அதை வாங்கியவர் எந்தக் கண்ட தளத்துக்குப் போனார்?

நீக்கியது ஏன் திரும்பி வருகிறது என்பதும் மாயமில்லை. பல நிரல்கள் விண்டோஸின் பணித்திட்டப் பட்டியலில் ஒரு வரியை எழுதிவைக்கின்றன. முதன்மைக் கோப்பு அழிந்தாலும் அந்த வரி குறித்த நேரத்தில் மீண்டும் அழைத்துவரும். இன்னொரு வழி உலாவியின் ஒத்திசைவு. குரோமில் கணக்கோடு உள்நுழைந்தவரின் நீட்சிகளும் தேடுபொறி அமைப்புகளும் கூகுள் வழங்கியில் படியாக இருக்கின்றன. ஆன்டிவைரஸ் கணினியில் உள்ளதை அழிக்கிறது. உலாவி அடுத்த முறை திறந்தவுடன் வழங்கியிலிருந்து அதை விசுவாசமாக மீட்டெடுக்கிறது. ஒத்திசைவை நிறுத்தி, கணக்கில் சேமித்துள்ள ஒத்திசைவுத் தரவை அழித்து, அதன் பிறகு நீக்கினால் இந்தச் சுழற்சி அறும். இரண்டு வரிகளில் சொல்லிவிடக்கூடிய இந்தச் செய்திக்கு அந்தச் சிறு பெட்டியில் இடமில்லை. கட்டணப் பதிப்புக்கு மாறச் சொல்லும் பொத்தானுக்கு எப்போதும் இடம் உண்டு.

பல்கலைக்கழகங்களுக்கு வருவோம். ஆய்வேட்டில் பிறர் வாக்கியம் உள்ளதா என்று பார்க்கும் ஒப்புமை மென்பொருளை இன்ஃப்ளிப்நெட்டின் ஷோத்சுத்தி திட்டம் 2019 முதல் நாடெங்கும் பல்கலைக்கழகங்களுக்கு வழங்குகிறது. மாணவரைச் சோதிக்கும் கருவிக்கு இவ்வளவு ஏற்பாடு. அதே மாணவர் ஒரு பிடிஎஃப் கோப்பை மாற்றவோ பழைய எழுத்துருவை ஒருங்குறிக்குக் கொண்டுவரவோ நினைத்தால், தேடுபொறியின் விளம்பர வரிசையில் முதலில் நிற்கும் பச்சைப் பொத்தானை நம்ப வேண்டியிருக்கிறது. ஒலியியல் ஆய்வுக்கான பிராட், புள்ளியியலுக்கான ஆர், எழுதுவதற்கான லிப்ரே ஆபிஸ் எல்லாமே விலையின்றிக் கிடைப்பவை. அவற்றின் தூய படிகளைத் துறையின் வலையமைப்பில் வைத்து, மாதந்தோறும் புதுப்பிக்க ஒரு பழைய கணினியும் பொறுப்பான ஒரு பணியாளரும் போதும்.

அது இல்லாத இடத்தில் நடப்பது வேறு. புள்ளியியல் மென்பொருளின் உரிமத்தை வாங்க உதவித்தொகை இடங்கொடாது. சீனியர் ஒருவர் பென்டிரைவில் உடைத்த பதிப்பைத் தருவார், கூடவே ஓர் அறிவுரையும்: நிறுவும்முன் ஆன்டிவைரஸை நிறுத்திவிடு, அது சும்மா கத்தும். திறவுகோல் உருவாக்கும் அந்தக் கோப்பைப் பற்றி எச்சரிக்கை வரத்தான் செய்யும். மென்பொருளும் வேலை செய்யத்தான் செய்யும். எச்சரிக்கை பொய் என்று மாணவர் கற்றுக்கொள்வது இந்த இடத்தில்தான். உடன் வேறென்ன குடியேறியது என்பது அவருக்குத் தெரிவதேயில்லை.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினிக்குள் மாசு நிரலைப் புகுத்துவது பற்றிப் பேசுகிறது. முன்குறியிட்ட தேர்வுப்பெட்டி உற்பத்தி செய்வது அந்த 'அனுமதி'யைத்தான். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவுக்கான ஒப்புதல் தெளிவான, தன்விருப்பச் செயலால் தரப்பட வேண்டும் என்கிறது. நிரல் நிறுவலுக்கும் இதே அளவுகோலைக் கேட்பதற்குச் சட்டத் துறைகளும் கணினித் துறைகளும் ஒரே வளாகத்தில் இருப்பதைவிட வேறென்ன வசதி வேண்டும்?

இப்போதைக்குக் கணினி ஆய்வகங்களின் கதவுகளில் இருப்பது பென்டிரைவ் செருகக் கூடாது என்ற அறிவிப்பு. இரண்டு அறைகள் தள்ளி, ஆய்வேட்டின் மென்படியைப் பென்டிரைவில் கொண்டுவரச் சொல்லும் அறிவிப்பும் ஒட்டப்பட்டிருக்கிறது.