முடக்கினால் போதுமா?

சென்னை பட்டினப்பாக்கத்துக் கடலோரக் குடியிருப்புகளில் சிறிய வீடுகள் பல உண்டு. அப்படி ஒரு வீட்டுக்குக் குடிபோவதாக எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளே சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரிகள். அவற்றில் யாரோ ஒருவருடைய சாமான்கள். "இவை எங்களுக்கு வேண்டாமே" என்கிறீர்கள். "வேண்டுமானால் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள், எடுக்க முடியாது" என்கிறார் கட்டியவர். ஒப்புக்கொள்வீர்களா? புதிய கைப்பேசியையோ கணிப்பொறியையோ வாங்கும்போது நாம் பெரும்பாலும் இதைத்தான் ஒப்புக்கொள்கிறோம்.

நாம் கேட்காமலேயே அதில் விளையாட்டுகளும் கடைகளும் செய்திச் செயலிகளும் இருக்கின்றன. அவற்றை வைப்பதற்காகக் கருவி செய்பவருக்குச் செயலி நிறுவனம் பணம் கொடுப்பதுண்டு. இடத்தையும் மின்கலத்தையும் இழப்பவர் நாம்.

இவற்றை நீக்குவது ஏன் கடினம்? ஆண்ட்ராய்டு கைப்பேசியின் சேமிப்பகம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நாம் நிறுவும் செயலிகள் நம் பகுதியில் அமர்கின்றன. தொழிற்சாலையில் வைக்கப்படும் செயலிகளில் பல, இயங்குதளத்துக்கென ஒதுக்கிய பகுதியில் அமர்கின்றன. அங்கே படிக்கலாம்; எழுதவோ அழிக்கவோ முடியாது. ஆகவே அச்செயலியை 'முடக்க' மட்டுமே நம்மால் முடியும். அது ஓடாது, ஆனால் அதன் மூலப்பிரதி அங்கேயே கிடக்கும். சுவரோடு கட்டிய அலமாரி என்பது இதுதான். வீடு கட்டும்போதே தீர்க்க வேண்டிய செய்தி இது.

இதனால் ஆபத்தும் வரலாம். லெனோவோ நிறுவனம் தன் மடிக்கணினிகள் சிலவற்றில் முன்கூட்டியே வைத்திருந்த 'சூப்பர்ஃபிஷ்' என்னும் விளம்பர மென்பொருள், பாதுகாப்பான இணையத் தொடர்புக்கு நடுவிலும் புகுந்துகொண்டது. எல்லாக் கணினிகளிலும் ஒரே இரகசியத் திறவுகோல் இருந்ததால், பிறரும் அதைப் பயன்படுத்தி ஒட்டுக் கேட்க வழி ஏற்பட்டது. 2015 பிப்ரவரியில் இது வெளிச்சத்துக்கு வந்தபின், அதை நீக்கும் கருவியை அந்நிறுவனமே வெளியிட்டது.

நம் நாட்டிலும் இவ்வழக்கு எழுந்தது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு ரூ. 1,337.76 கோடி அபராதம் விதித்தது. முன்பே நிறுவிய தன் செயலிகளைப் பயனர் நீக்குவதைக் கூகுள் தடுக்கலாகாது என்றும் ஆணையிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது. ஆனால் நீக்குவது பற்றிய அந்தக் கட்டளையை ரத்துசெய்தது. முடக்கினால் போதாதா என்பதே இங்குள்ள கேள்வி. போதாது என்பதே என் கருத்து.

நல்ல நோக்கம் இருந்தால் மட்டும் போதுமா? தொலைந்த கைப்பேசியை முடக்க உதவும் 'சஞ்சார் சாத்தி' பயனுள்ள செயலிதான். அதைப் புதிய கைப்பேசிகள் அனைத்திலும் முன்பே நிறுவ வேண்டும் என்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் இறுதியில் உத்தரவிட்டது. எதிர்ப்பு எழவே, டிசம்பர் 3 அன்று அக்கட்டாயம் கைவிடப்பட்டது. நல்ல செயலியை மக்கள் தாமே தேடி நிறுவுவார்கள், கட்டாயம் எதற்கு?

"எல்லாவற்றையும் நீக்கவிட்டால் கருவியே கெட்டுவிடுமே!" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கும் வழி உண்டு. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் இயங்குதளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு மென்பொருளை நீக்க முனைந்தால், அதை நம்பியிருக்கும் பிற மென்பொருள்கள் எவை என்று முதலில் பட்டியலிட்டுக் காட்டும்; முடிவை நம்மிடம் விட்டுவிடும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2024 மார்ச் முதல், பெருநிறுவனங்களின் இயங்குதளங்களில் இன்றியமையாதவை தவிர மற்றச் செயலிகளை எளிதில் நீக்க இடமளிக்க வேண்டும் என்பது சட்டம்.

இந்தியாவிலும் இந்த விதி வேண்டும். இயங்குதளம் ஓடத் தேவையானவை மட்டும் பூட்டிய பகுதியில் இருக்கட்டும். மற்றவை அனைத்தும் நாம் அழிக்கக்கூடிய பகுதியில் இருக்கட்டும்.

அதுவரை நீங்கள் என்ன செய்யலாம்? அமைப்புகளில் செயலிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். வேண்டாதவற்றுள் நீக்கக்கூடியதை நீக்குங்கள், மற்றதை முடக்குங்கள். பெயர் விளங்காத எதையும், அதன் வேலை இன்னதென்று அறியுமுன் தொடாதீர்கள். அடுத்த கருவி வாங்கும்போது, "இதில் எவற்றையெல்லாம் நீக்க முடியும்?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினால்தான் செய்பவர்கள் மாறுவார்கள்.