சொட்டு மருந்து திறக்காத அடைப்பு

நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு ஒரு கண்ணில் ஓயாமல் நீர் வடிந்தால் வீட்டில் சொல்வது, "வயசாயிடுச்சு". மருந்துக்கடையில் கொடுப்பது ஒரு சொட்டு மருந்து. வருடக்கணக்கில் இதே கதைதான்!

கண்ணீர் இமையோரத் துளைகள் வழியாகக் கண்ணீர்ப்பைக்குப் போய், அங்கிருந்து குழாய் வழியே மூக்கில் இறங்குகிறது (அழும்போது மூக்கு ஒழுகுவது அதனால்தான்). பெரியவர்களுக்கு அந்தக் குழாய் முழுக்க அடைத்துக்கொண்டால் எந்தச் சொட்டு மருந்தும் அதைத் திறக்காது. குழந்தைக்குச் செய்வதுபோல் நீவிவிட்டும் பலனில்லை. கண் உலர்ந்துபோனாலும் நீர் வடியும். பிறகு சோதிக்காமல் எப்படி மருந்து கொடுப்பது? துளையில் நீரைச் செலுத்திப் பார்க்கச் சில நிமிடம் போதும்.

பையை நேராக மூக்கோடு இணைக்கும் அறுவையை இத்தாலியின் தோத்தி 1904-லேயே எழுதிவிட்டார். இன்று மூக்கின் உள்ளிருந்தே, முகத்தில் தழும்பில்லாமலும் செய்கிறார்கள்.

ஆனால் கண்புரை அறுவைக்கு முன்புதான் பலருக்கு இந்தச் சோதனையே நடக்கிறது. பையில் சீழ் இருந்தால் கிருமி உள்ளே போய்ப் பார்வை பறிபோகலாம் என்ற பயம். நியாயமான பயம்தான். அதற்கு முன்பு அந்தச் சீழ் யார் கண்ணில் இருந்ததாம்?