கம்பி கட்டிக் காட்டுங்கள்

பாரிஸில் லூவர் அரண்மனை முற்றத்தில் கண்ணாடிப் பிரமிடு வரப்போகிறது என்று 1984ல் செய்தி வந்ததும் நகரமே கொதித்தது. பழம்பெருமை வாய்ந்த இடத்தில் எகிப்தியக் கல்லறை எதற்கு என்று கேட்டார்கள். வடிவமைத்தவர் ஐ.எம். பெய். நம் ஓசிபிசி சென்டரை வரைந்தவரும் அவர்தான்.

அப்போது மேயராக இருந்த ஜாக் சிராக் ஒன்று கேட்டார்: அதே இடத்தில், அதே அளவில் காட்டுங்கள். 1985ல் முற்றத்தில் கம்பிவடங்களை இழுத்துக் கட்டி, பிரமிடின் உருவத்தைக் காட்டினார்கள். மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். சுமார் 21 மீட்டர் உயரம்தான். அரண்மனை அமுங்கிப் போகவில்லை. எதிர்ப்பு மெல்லத் தணிந்தது. 1989ல் திறக்கப்பட்ட பிரமிடு இன்று லூவரின் வாசல். நிலத்தடிக் கூடத்துக்கு வெளிச்சம் தருவதும் அதுதான்.

எதிர்த்தவர்களைப் பழமைவாதிகள் என்று கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் சத்தம் போட்டதால்தானே கம்பி கட்டப்பட்டது! தன் ஊர்மேல் அக்கறை உள்ளவருக்குத்தான் கோபம் வரும்.

நம் பழைய கடைவீடுகளுக்குப் பக்கத்தில் புதுக் கோபுரம் எழும்பும்போது, நமக்குக் காட்டுவது அந்திவெயிலில் மின்னும் கணினிப் படம் மட்டுமே. அதை நம்பிக் கைதட்டவும் வேண்டாம், வசை பாடவும் வேண்டாம். கம்பி கட்டிக் காட்டச் சொல்லிக் கேட்போம்.